போக்கர் பழகிறவனுக்கு: எதோட போறது, எதை மடிக்கிறது?

கிளிநொச்சிப் பெடியன்:
அண்ணைமார், இப்பதான் ஹோல்டெம் (கையில ரெண்டு கடதாசி, மேசையில எல்லாருக்கும் பொதுவா அஞ்சு விரிக்கிற போக்கர்) பழகிறன். ஒன்பது பேர் இருந்து புளியங்கொட்டைக்கு விளையாடுறம், காசு இல்லை. கையில வாற ரெண்டு கடதாசியும் ஒரே இனம் எண்டா நான் விடாமப் போறன். கொட்டை நிக்குதில்லை. எதோட போகலாம்?

மாங்குளத்தான்:
எப்பிடி நிக்கும்? ரெண்டும் கலாவரை (கிளப்ஸ்) எண்டவுடன ஃப்ளஷ், அதாவது அஞ்சும் ஒரே இனம், கண்ணில தெரியுது உனக்கு. முதல் மூண்டு கடதாசி விரிக்கேக்க அது முழுசா விழுறது 0.84 சதவீதம், நூறுக்கு ஒண்டுகூட இல்லை. கடைசிக் கடதாசி மட்டும் இருந்தாலும் 6 சதவீதம் சொச்சம்தான். பெரிய சோடிகள், ஆசு-ராசா, ஆசு-ராணி, ராசா-ராணி. இதோட தொடங்கு. மிச்சத்தை மடி, அந்த ஆட்டத்தை விட்டிடு.

வவுனிக்குளம்:
இது காசு மேசைக் கதை. கொட்டைக்கு விளையாடேக்க ஆர் மடிக்கிறான்? ஒன்பது பேரும் கடைசி மட்டும் நிப்பாங்கள். அப்ப சோடி ஆசுகூட மூண்டில ஒருக்காத்தான் வெல்லும். 8-7 ஒரே இனத்தில விழுந்தா அள்ளுறது எவ்வளவு! மாங்குளத்தான் சொல்லுறமாதிரி மடிச்சுக்கொண்டிருந்தா தம்பி தேத்தண்ணி ஊத்தத்தான் சரி.

மாங்குளத்தான்:
மூண்டில ஒண்டு குறைவோ? ஒன்பது பேரில ஒராளின்ர சராசரிப் பங்கு ஒன்பதில ஒண்டு. மூண்டு மடங்கு வருது, கணக்கைப் பாருங்கோ. உங்கட 8-7க்கு ஃப்ளஷ் விழுந்தாலும், அதே இனத்தில உன்னை விடப் பெரிய கடதாசி வைச்சிருக்கிறவன் ஒருத்தன் அந்த எட்டுப் பேருக்க இருக்கலாம்.

கிளிநொச்சிப் பெடியன்:
ஆசு ஒண்டு இருந்தாப் போகலாம்தானே? ஆசு-அஞ்சு மாதிரி?

மாங்குளத்தான்:
எதிராளியிட்ட ஆசு-ராசா எண்டா? ஆசு விழுந்தா ரெண்டு பேருக்கும் சோடி, ராசாவால அவன் தூக்கிடுவான். பத்துக்கு ஏழு தரம் நீ தோப்பாய்.

ஒட்டுசுட்டான்:
எங்கட ஆக்களுக்கு இது 304 (நாலு பேர் ரெண்டு சோடியாப் பிரிஞ்சு விளையாடுற சீட்டாட்டம்) பழக்கத்தால வாற வருத்தம். அதில ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20. முதல் நாலு கடதாசி நல்லா வந்தா ஏலம் கேட்டிடுவம், மிச்சத்துக்கு எதிர்ப்பக்கத்துச் சோடிக்காரன் இருக்கிறான். கை கூடாட்டிலும் எட்டுக் கடதாசியும் போட்டுத்தான் முடிக்கோணும். போக்கரில தாங்க ஆளுமில்லை, மடிக்கிறதுக்கு ஆரும் தடையுமில்லை.
இன்னொண்டு, இருக்கிற இடத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. முதல் பந்தயம் பேசிறவனுக்குப் பின்னால எட்டுப் பேர். கடதாசி பிரிக்கிற இடத்தில இருந்தா, பிறகு வாற ஒவ்வொரு சுற்றிலயும் மற்றாக்கள் செய்யிறதைப் பார்த்திட்டுக் கடைசியாப் பேசலாம். ராசா-பத்து முதல் இடத்தில மடிக்கிற கை, பிரிக்கிற இடத்தில விளையாடுற கை. சின்னச் சோடி, 3-3 மாதிரி, மலிவா எண்டால் மட்டும் பார். மூண்டாவது மூண்டு முதல் விரிப்பில விழுறது எட்டொன்பது தரத்துக்கு ஒருக்கா.

வவுனிக்குளம்:
அண்ணை சொல்லுற இடக்கதை சரி. முதல் இடத்தில 8-7ஐ விடுறன். பிரிக்கிற இடத்தில ஒருத்தரும் பந்தயத்தைக் கூட்டேல்லை எண்டா போவன், அதை விடச்சொல்லாதேங்கோ.