போக்கர் மேசையில் எதிரே இருப்பது ஆளா, தானாக ஆடும் பாட் (bot) புரோகிராமா? உதவுங்கள்

பிறை_நைட்ஷிப்ட்:
வணக்கம். பினாங்கு பிறையில் தொழிற்சாலை வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கம் வரும்வரை கைப்பேசியில் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு மறைசீட்டு உள்ள போக்கர்) ஆடுவேன். ஆறு பேர் மேசை, பிளைண்ட் (கட்டாய ஆரம்பப் பந்தயம்) 50 காசு, 1 வெள்ளி (ரிங்கிட்). ஏஜெண்ட்டிடம் சிப்ஸ் வாங்கி ஆடுகிற கிளப் ஆப். மூன்று மாதத்தில் 1,400 வெள்ளி போய்விட்டது. என் ஆட்டத்தில் ஓட்டை இருப்பது எனக்கே தெரியும், அதற்காக இதை எழுதவில்லை. ஒரு ஆட்டக்காரரின் கணக்கு (account), நான் காலை 8 மணிக்குப் போனாலும் மேசையில் இருக்கிறது, லீவு நாளில் மதியம் போனாலும் இருக்கிறது, விடியற்காலை 3 மணிக்கும் இருக்கிறது. நேற்று ரிவரில் (கடைசிப் பொதுச்சீட்டு திறந்ததும்) மேசையில் 22 வெள்ளிதான் சேர்ந்திருந்தது, நான் கையிலிருந்த 94 வெள்ளியையும் மொத்தமாகத் தள்ளினேன், நல்ல சீட்டு இல்லாமல் மிரட்டும் பிளஃப்தான். யாராக இருந்தாலும் கொஞ்சம் திகைப்பார்கள் இல்லையா? மூன்று எண்ணுவதற்குள் அது கால் செய்துவிட்டது (பந்தயத்தை ஏற்றுக்கொண்டது). காட்டியது வெறும் ஒரு ஜோடி எட்டு. இது பாட்தானா? எப்படி உறுதி செய்வது?

செந்தூல்காரன்:
தம்பி, ஒரு கையை (ஒரு சுற்று ஆட்டத்தை) வைத்து முடிவு கட்டாதீர்கள், ஜோடி எட்டோடு கால் செய்கிற மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நேரத்தைக் கவனியுங்கள். நமக்கு 7-2 மாதிரி மோசமான சீட்டு வந்தால் பார்த்தவுடனே ஃபோல்ட் (விலகல்), ரிவரில் பெரிய பந்தயம் என்றால் கை தயங்கும். மலிவான பாட் புரோகிராமுக்கு இரண்டும் ஒன்றுதான், எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய அதே இடைவெளி. கொஞ்சம் நன்றாக எழுதியது வேண்டுமென்றே நேரத்தை மாற்றி மாற்றிப் போடும், ஆனால் அந்தத் தாமதத்துக்கும் கையின் சிரமத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அதைத்தான் பார்க்க வேண்டும். ஆடிய கைகளின் பதிவான ஹேண்ட் ஹிஸ்டரியைத் திறந்து அந்தக் கணக்கு ரெய்ஸ் செய்த (பந்தயத்தை உயர்த்திய) தொகைகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை சதவீதக் கையில் நுழைகிறது, அதில் எத்தனை ரெய்ஸ் என்பதையும் கணக்கிடுங்கள். சில நூறு கை போதாது, ஆயிரக்கணக்கில் வேண்டும். இரண்டு மூன்று கணக்குகளுக்கு ஒரே எண் வந்தால் அப்புறம் பேசலாம்.

ஆயர்ஈத்தாம்_அங்கிள்:
பாட் அவ்வளவு நன்றாக ஆடுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருவர் ஆடும் லிமிட் (பந்தயத் தொகைக்கு வரம்புள்ள) ஹோல்டெமை அநேகமாக முழுவதுமே தீர்த்துவிட்டார்கள், அந்த புரோகிராமின் பெயர் செஃபியஸ். 2017-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேடஸ் புரோகிராம் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கை ஆடி ஜெயித்தது. அதற்கு சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. 2019-இல் வந்த ப்ளூரிபஸ் ஆறு பேர் மேசையிலேயே வென்றது, அதன் அடிப்படைப் பயிற்சி ஒரு சர்வரில் 8 நாளில் முடிந்தது. ஆன்லைன் ஆட்டம் கெட்டுவிடும் என்ற கவலையில் அதன் கம்ப்யூட்டர் நிரலை அதை உருவாக்கியவர்கள் வெளியிடவில்லை. நம் 1 வெள்ளி மேசைக்கு அந்த அளவு மூளைகூடத் தேவையில்லை தம்பி. 12 மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற உங்களை விடக் கொஞ்சம் நிதானமாக ஆடினாலே போதும். தோற்ற கோபத்தில் அடுத்த கையை அது கெடுத்துக்கொள்ளாது, அங்கேதான் நம் காசு போகிறது.

பட்டர்வொர்த்_படகு:
பாட் புரோகிராமை விட எனக்குப் பயம் கூட்டு ஆட்டம். மூன்று கணக்கு ஒரே ஆளிடம் இருந்தால் ஆறு சீட்டு அவனுக்குத் தெரியும், அதற்கு புரோகிராமே வேண்டாம். அந்தக் கணக்கோடு எப்போதும் சேர்ந்து உட்காருவது யார், அவர்கள் இருவர் மட்டும் மோதினால் பந்தயம் ஏன் சுருங்குகிறது என்று பாருங்கள்.

செந்தூல்காரன்:
இது முக்கியம். உரிமம் உள்ள பெரிய தளங்களில் இதற்கென்றே ஒரு குழு இருக்கும், கணக்கை மூடுவார்கள், சில நேரம் தோற்றவருக்குப் பணமும் திரும்ப வரும். ஏஜெண்ட் கிளப்பில் யாரிடம் போவீர்கள்? மலேசியாவில் உரிமம் உள்ள கேசினோ கெந்திங் ஒன்றுதான். இங்கே சூதாட்டத்துக்கு இன்னும் 1953-ஆம் ஆண்டுச் சட்டம்தான், போலீசுக்குப் போனால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். மேசையில் மீதி இருக்கிற பணத்தை முதலில் வெளியே எடுங்கள், புகாரை அதற்கு அப்புறம் சொல்லுங்கள்.

பிறை_நைட்ஷிப்ட்:
அண்ணே, அங்கிள், நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து ஆப்பில் கிடைத்த 640 கையையும் எழுதினேன். போதாது என்று தெரியும். ஆனாலும் அந்தக் கணக்கு முதலில் ரெய்ஸ் செய்த ஒவ்வொரு தடவையும் 2.30 வெள்ளி, ஒன்றுகூட மாறவில்லை. இன்னொரு கணக்கும் அதே 2.30. இரண்டும் ஒரே மேசையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, ஒன்று எழுந்த சில நிமிடத்தில் மற்றது வருகிறது. ஏஜெண்ட்டிடம் எதுவும் சொல்லாமல் மீதி 260 வெள்ளியைக் கேட்டிருக்கிறேன். "நாளைக்கு" என்று பதில் வந்தது, அது செவ்வாய்க்கிழமை. இன்று வெள்ளிக்கிழமை. வழக்கமாக எத்தனை நாள் ஆகும்?

செந்தூல்காரன்:
வழக்கமாக அன்றே வரும் தம்பி. அந்த உரையாடலை இப்போதே படம் பிடித்து வையுங்கள், புதிதாக சிப்ஸ் வாங்காதீர்கள்.