சார்ல்ஸ்டன் (தென் கரோலினா): சனி, ஞாயிறு இரண்டே நாள். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வழிப்போக்கன்:

வணக்கம். அக்டோபர்ல ஒரு வாரக் கடைசியில சார்லட்டிலிருந்து கார்ல சார்ல்ஸ்டன் போறோம். கூட ஊரிலிருந்து வந்திருக்கிற அப்பா, அம்மா. அப்பாவுக்கு சரித்திரம்னா உயிர். அம்மாவுக்கு முட்டி வலி, படி அதிகம் ஏற முடியாது. எல்லாரும் சைவம். சம்டர் கோட்டை, ரெயின்போ ரோ, குதிரை வண்டி, அடிமைகளை விற்ற சிட்டி மார்க்கெட், இவ்வளவுதான் இப்போதைக்குப் பட்டியல். எந்த வரிசையில போகலாம்?

கூப்பர்கரை:

முதல்ல ஒரு திருத்தம். சிட்டி மார்க்கெட்ல அடிமைகளை விற்கல. அது இறைச்சியும் மீனும் காய்கறியும் விற்ற சந்தை. மனிதர்களை ஏலம் விட்ட முக்கியமான இடம், பிராட் தெரு கிழக்கே போய் முடியற இடத்துல நிக்கிற ஓல்ட் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்கு வடபக்கம், திறந்த வெளி. 1856ல நகராட்சி தெருவுல ஏலம் போடறதைத் தடுத்ததும் வியாபாரம் நிக்கல, கட்டடங்களுக்குள்ள போச்சு. சால்மர்ஸ் தெரு 6ஆம் எண்ணில் இருக்கிற ஓல்ட் ஸ்லேவ் மார்ட் மியூசியம் அப்படி ஒரு ஏலக்கூடம்தான். சின்ன இடம், பெரும்பாலும் நின்னு படிக்கிற பலகைகள், ஒரு மணி நேரம் போதும். ஞாயிறு மூடியிருக்கும், அதனால சனிக்கிழமையே முடிச்சுடுங்க. அந்தத் தெரு முழுக்க உருண்டைக் கல் பாவினது. அம்மாவை நடைபாதையை விட்டு இறங்க விடாதீங்க.

சனி காலையை லிபர்ட்டி ஸ்கொயர்ல ஆரம்பிங்க. சம்டர் கோட்டைக்குப் படகு அங்கிருந்து போகும். கோட்டைக்குத் தனிக் கட்டணம் இல்லை, படகுக்குத்தான் டிக்கெட். போய் வர ரெண்டேகால் மணி நேரம் ஆகும், அதுல கோட்டையில இருக்கிறது சுமார் ஒரு மணி நேரம். முன்கூட்டியே ஆன்லைன்ல முதல் படகு எடுங்க. காலையில கொடி ஏத்தறதைப் பார்க்கலாம், வெயிலும் குறைவு.

அப்பாகிட்ட ஒண்ணு முன்னாடியே சொல்லிடுங்க: 1861 ஏப்ரல் 12 விடியற்காலை, அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தொடங்கி வெச்ச தாக்குதல்ல சுடப்பட்ட மூணு அடுக்குக் கோட்டை இப்ப இல்லை. அந்த முதல் தாக்குதல் 34 மணி நேரம்தான், அதுல யாரும் சாகல. 1863 முதல் 1865 வரை, கோட்டை தெற்குப் படை கையில இருந்தப்ப, வடக்குப் படை சுட்ட பீரங்கிதான் சுவர்களை ஒரு அடுக்குக்குத் தரைமட்டமாக்கினது. நடுவுல நிக்கிற கறுப்பு கான்கிரீட் மேடை 1890களோட கடைசியில கட்டினது. இது தெரியாம போறவங்க 'இவ்வளவுதானா'ன்னு திரும்பறாங்க. அம்மா கீழ் முற்றத்துலயே சுத்திப் பார்க்கலாம், மேல் தளத்துக்குப் படி ஏற வேண்டாம்.

படகை விட்டு இறங்கினா நடக்கிற தூரத்துலயே சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம், 2023 ஜூன்ல திறந்தது. அது நிக்கிற இடம் காட்ஸ்டன்ஸ் வார்ஃப். 1808ல இறக்குமதியைச் சட்டம் தடுக்கிறதுக்கு முந்தின கடைசி வருஷங்கள்ல அடிமைக் கப்பல்கள் வந்து நின்ன துறை. அந்த மண்ணுக்கு மரியாதையா கட்டடத்தையே 13 அடி உயரத்துல 18 தூண் மேல தூக்கி வெச்சிருக்காங்க. கீழே உள்ள நினைவுத் தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது. தண்ணி ஏறி இறங்கற ஆழமில்லாத குளத்தோட தரையில, கப்பல்ல நெருக்கி அடுக்கின மனித உருவங்கள் தெரியும். மேல் மாடிக்கு லிஃப்ட் இருக்கு, நேரம் குறிச்ச டிக்கெட் வேணும். என் கருத்துல இந்த ஊருக்கு வந்துட்டு ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும்னா இதுதான். இதைப் பார்த்த பிறகு ரெயின்போ ரோவுக்குப் போங்க, முன்னாடி வேண்டாம். அந்த வீடுகளைக் கட்டின பணம் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சு பார்க்கணும்.

ரெயின்போ ரோ கிழக்குப் பார்த்த 13 வீடுகள். வண்ணம் காலைல நல்லா தெரியும், அதனால ஞாயிறு காலை 15 நிமிஷம் போதும். வணிகர்கள் கீழே கடையும் மேலே வீடுமா கட்டினது. சிதைஞ்சு கிடந்த வரிசையில் 1931ல ரெண்டு வீட்டை வாங்கின டோரதி லெக் அம்மையார் இளஞ்சிவப்பு பூசினாங்க, மத்த வீடுகளும் அதைத் தொடர்ந்தது. பல வண்ணம் அப்ப வந்ததுதான், காலனி காலத்துது இல்லை.

தாழ்வாரம்:

கூப்பர்கரை சொன்ன வரிசை சரி. ஒரு சேர்ப்பு: ஐக்கென்-ரெட் மாளிகை, எலிசபெத் தெரு 48. மற்ற மாளிகைகளைப் பளபளவென்று புதுப்பித்திருப்பார்கள். இதை அப்படியே, உரிந்த சுவர்த்தாளோடு, மேலும் சிதையாமல் மட்டும் காக்கிறார்கள். பின்கட்டில் சமையலறை, சலவை அறை, அவற்றின் மேல் அடிமைகள் வாழ்ந்த அறைகள், குதிரை லாயம் எல்லாம் நிற்கின்றன. நகரத்து அடிமை வாழ்வை இவ்வளவு முழுமையாகக் காட்டும் வீடு வேறு எளிதில் கிடைக்காது. காதில் மாட்டும் ஒலி வழிகாட்டி தருவார்கள், அவரவர் வேகத்தில் போகலாம். மாடிக்குப் படி உண்டு. அம்மாவுக்குப் பின்கட்டு முற்றமும் தரைத்தளமும் போதும்.

தெருவில் நடக்கும்போது அப்பாவிடம் இரண்டு விஷயம் காட்டுங்கள். ஒன்று, 'சிங்கிள் ஹவுஸ்'. தெருவுக்கு ஒரே அறை அகலம், உள்ளே நீளமாக ஓடும். பக்கவாட்டில் தெற்கோ மேற்கோ பார்த்த நீண்ட தாழ்வாரம். அதைப் 'பியாஸா' என்பார்கள். தெருவில் தெரியும் கதவு வீட்டுக்குள் போகாது, தாழ்வாரத்துக்குப் போகும். கடல்காற்றைப் பிடிக்கவும் பிற்பகல் வெயில் சுவரில் அடிக்காமல் தடுக்கவும் அந்தத் திசை. இரண்டு, சுவரில் மாடி மட்டத்தில் வட்டமாகவோ சிலுவையாகவோ தெரியும் இரும்புத் தகடுகள். 1886 ஆகஸ்ட் 31 இரவு வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, விலகிய செங்கல் சுவர்களை எதிர்ச்சுவரோடு இழுத்துக் கட்ட வீட்டின் குறுக்கே இரும்புக் கம்பி செலுத்தி இரு முனையிலும் தகடு வைத்து முறுக்கினார்கள். சில வீடுகளில் சிங்க முகம் வைத்துத் தகட்டை மறைத்திருப்பார்கள். சர்ச் தெரு, டிராட் தெருவில் நிறையப் பார்க்கலாம்.

குதிரை வண்டி என்றால் ஒரு எச்சரிக்கை: வழியை நீங்களோ ஓட்டுநரோ தேர்ந்தெடுக்க முடியாது. நெரிசலைக் குறைக்க நகராட்சி வழிகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறது. ரெயின்போ ரோவை நம்பி ஏறினால் வேறு பகுதியைச் சுற்றிவிட்டு வரலாம். முட்டி வலிக்கு உட்கார்ந்து பார்க்க நல்லதுதான், ஆனால் ஒரு மணி நேரம் எதைப் பார்ப்போம் என்பது உங்கள் கையில் இல்லை.

வழிப்போக்கன்:

ரொம்ப நன்றி. படகுல அம்மாவுக்குத் தலைசுத்தும்னு அப்பா பயப்படறாரு. கோட்டைக்கு மாற்று உண்டா? பார்க்கிங்? சாப்பாடு?

உப்பங்காற்று:

மாற்று உண்டு: சல்லிவன்ஸ் தீவுல மோல்ட்ரி கோட்டை, கார்லயே போகலாம். அமெரிக்க விடுதலைப் போர்ல, 1776 ஜூன் 28 அன்னிக்கு பிரிட்டிஷ் கப்பல்களைத் தடுத்தது இங்கே. பால்மெட்டோ மரக்கட்டைகளும் மணலும் சேர்ந்த சுவர், கட்டை பஞ்சு மாதிரி மிருதுவா இருக்கிறதால குண்டு பிளக்காம உள்ளயே அமுங்கிடுச்சு. மாநிலக் கொடியில அந்த மரம் இருக்கிறது அதனாலதான். தூரத்துல சம்டரும் தெரியும். கப்பல்ல வந்த ஆப்பிரிக்கர்களை நோய்த் தடுப்புக்காக அடைச்சு வெச்ச தீவும் இதுதான். அதை நினைவுபடுத்த 2008ல ஒரு எளிய பெஞ்ச் வெச்சிருக்காங்க, தேடிப் போய் உட்காருங்க.

அக்டோபர்னு சொன்னதால வெள்ளத்தைப் பத்திக் கட்டாயம் சொல்லணும். செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மழையே இல்லாம கடல்நீர் தெருவுக்கு வரும். நோவா (NOAA, அமெரிக்க அரசோட கடல், வானிலை அமைப்பு) தளத்துல சார்ல்ஸ்டன் துறைமுக ஓத (கடல்மட்ட ஏற்ற இறக்க) அட்டவணை இருக்கு. 7 அடியைத் தொட்டா தாழ்வான தெருவுல தண்ணி, 8 அடின்னா நகர மையத்துல பல தெருக்கள் மூடிடும். சிட்டி மார்க்கெட் சுத்துப்புறமும் லாக்வுட் டிரைவும் முதல்ல முழுகும். மார்க்கெட் பக்கம் ஒரு காலத்துல ஓடையா இருந்து தூர்த்த நிலம், தண்ணி பழைய வழியிலயே வருது. அந்த நேரம் மழையும் சேர்ந்தா வடிகாலோட வாய் ஓதத்துக்கு அடியில இருக்கும், மழைநீர் வெளியேறவே வழி இருக்காது. உயர் ஓதத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் அந்தப் பக்கம் காரைக் கொண்டு போகாதீங்க. அது உப்புத்தண்ணி. கொஞ்ச ஆழம்தானேன்னு ஓட்டினா பிரேக்கும் அடிப்பாகமும் பிறகு துருப்பிடிக்கும்.

பார்க்கிங்குக்கு மீட்டிங் தெரு 375ல உள்ள சுற்றுலா மையத்தோட பார்க்கிங் கட்டடத்துல காரை விடுங்க. அங்கிருந்து 'டேஷ்' பஸ் இலவசம், அம்மாவுக்கு நடை மிச்சம்.

சாப்பாட்டுல பெயரை நம்பாதீங்க. காலர்ட் கீரை பெரும்பாலும் பன்றி எலும்பு போட்டு வேகவெச்சது. ரெட் ரைஸ்ல (தக்காளி சேர்த்த சோறு) பேக்கன் அல்லது சாசேஜ் இருக்கும். அவரை, பட்டாணிக் கூட்டும் அப்படித்தான். 'வெஜிடேரியனா'ன்னு மட்டும் கேட்டா கறித்துண்டு இல்லைன்னு ஆமாம்பாங்க. 'பன்றிக் கொழுப்போ எலும்புச் சாறோ சேர்த்திருக்கா'ன்னு கேளுங்க. கிரிட்ஸும் (மக்காச்சோள ரவைக் கஞ்சி) வறுத்த பச்சைத் தக்காளியும் கிடைக்கும், ஆனா கிரிட்ஸை எதுல வேகவெச்சாங்க, தக்காளியை எந்த எண்ணெயில பொரிச்சாங்கன்னு அதையும் கேட்டுக்குங்க.

கூப்பர்கரை:

ஞாயிறு மதியம் நேரம் இருந்தா ஜேம்ஸ் தீவுல மக்லவுட் பிளாண்டேஷன் (அடிமைகளை வெச்சு நடத்தின பழைய தோட்டப் பண்ணை). திங்கள் மூடியிருக்கும், ஞாயிறு திறந்திருக்கும். டிக்கெட்டோட வழிகாட்டி நடை சேர்ந்தது, பேச்சு மாளிகைக்காரங்களைவிட அங்கே உழைச்ச 'கல்லா' (Gullah, அடிமைகளா கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்கர்களோட வழிவந்த சமூகம்) மக்களைப் பத்தினது. அவங்க தங்கின குடில்கள் வரிசையா நிக்குது, அதுல 1990 வரைக்கும் ஆள் குடியிருந்தாங்க. மண் தரை, ஷூ போட்டுட்டு வாங்க. கொசு மருந்தும் எடுத்துக்குங்க, சதுப்பு நிலத்துப் பூச்சி கண்ணுக்குத் தெரியாம கடிக்கும்.