தேங்க்ஸ்கிவிங் மேசைக்கு மேப்பிள் இலை: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். மிச்சிகனில் இருக்கிறோம். நவம்பர் நான்காம் வியாழன் வரும் தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்காவின் நன்றி சொல்லும் பண்டிகை) சாப்பாடு இந்த முறை எங்கள் வீட்டில்தான், 12 பேர் வருகிறார்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் இலை மாலையில் எனக்கு மனசே ஒட்டவில்லை, வீட்டைச் சுற்றிக் கிடைப்பதை வைத்தே அலங்கரிக்க ஆசை.

மகளும் நானும் ஒரு பை நிறைய மேப்பிள் இலை பொறுக்கி வந்தோம். காம்பருகே மஞ்சள், நுனி போகப் போக ரத்தச் சிவப்பு, அவ்வளவு அழகு! ஆனால் இரண்டே நாளில் ஓரம் சுருண்டு, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்தால் இலை மெத்தென்று இருக்குமாம், நிறம் மங்கிவிடுமா? மெழுகுத்தாளுக்குள் வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

பைன் காய்களை ஓவனில் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரை மணி நேரம் வைத்துப் பூச்சி போக்கியாயிற்று, அது சரி. அப்புறம், மேசை நடுவில் சணல் துணி விரித்து, சின்னப் பூசணிகளும் பல நிறச் சோளக்கதிர்களும் வைக்கலாம் என்றிருக்கிறேன். காய்ந்த இலைக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றத்தான் பயம். வெளிச்சத்துக்கு வேறு என்ன செய்கிறீர்கள்? உங்கள் மேசைப் படம் இருந்தால் அவசியம் போடுங்கள்.