‘வெளியேற்றம்’ வேண்டாம், ‘ஒதுங்கல்’ என்று வைக்கலாமா?

வணக்கம். ஆங்கிலத்தில் ‘evacuation’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம். 1939இல், இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சி பிரிட்டன் தன் நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியதைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்க எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே சொல் இடறுகிறது. எல்லோரும் எழுதுவது ‘வெளியேற்றம்’. வாடகை பாக்கி வைத்தவரை வெளியேற்றுவார்கள், விசா முடிந்தவரை வெளியேற்றுவார்கள். இந்தப் பிள்ளைகளோ கோட்டில் பெயர்ச்சீட்டு கட்டி, தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டி மாட்டி, அம்மாவே தலைசீவி அனுப்பிவைத்தவர்கள். செப்டம்பர் 1 தொடங்கி மூன்றே நாளில், தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் சேர்த்து, சுமார் 15 லட்சம் பேர் போயிருக்கிறார்கள்.

இழையில் ஒருவர் சொன்ன ‘காப்பிடப்பெயர்வு’ (காப்புக்காக இடம்பெயர்தல்) எனக்கு மின்கம்பிக்குக் காப்பிடுவதைத்தான் நினைவூட்டுகிறது. ‘இடப்பெயர்வு’ ஈழத்தில் வீடு வாசல் இழந்தவர்கள் சுமந்த சொல், அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

எங்கள் குளச்சல் பக்கம் ஆனி ஆடியில் கடல் ஏறினால், பிள்ளைகளை மார்த்தாண்டத்தில் மாமி வீட்டில் கொண்டுவிடுவார்கள். புத்தகப் பையை உரச்சாக்கில் பொதிந்து தலையில் வைத்துக்கொண்டு நானும் அப்படிப் போயிருக்கிறேன். கேட்டால் பாட்டி சொல்வது ஒன்றுதான்: “பிள்ளைய கொஞ்ச நாள் ஒதுங்க விட்டிருக்கு.” மழைக்கு ஒதுங்குவது போலத்தான். ஆபத்து, தற்காலிகம், திரும்பி வருவது, மூன்றும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன.

ஆகவே நிகழ்வுக்குப் ‘போர்க்கால ஒதுங்கல்’, அரசு செய்ததற்கு ‘ஒதுங்கவைப்பு’, பிள்ளைக்கு ‘ஒதுங்குபிள்ளை’. கடைசிச் சொல் வினைத்தொகை என்பதால் ஒதுங்கிய பிள்ளை, ஒதுங்கும் பிள்ளை இரண்டுக்கும் பொருந்தும். ‘ஒதுக்கு’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது, அப்படி எழுதினால் தள்ளிவைத்த பிள்ளை என்றாகிவிடும், இட ஒதுக்கீடும் நினைவுக்கு வரும். வெளிக்கு ஒதுங்குவதைச் சொல்லி வகுப்பில் சிரிப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘பிள்ளை’ பின்னால் வரும்போது அந்தப் பொருள் எட்டிப் பார்க்காது என்றே நினைக்கிறேன்.

வரலாறும் இந்தச் சொல்லுக்கு இடம் கொடுக்கிறது. குண்டு எதுவும் விழவில்லையே என்று 1940 ஜனவரிக்குள் ஏராளமான பிள்ளைகள் வீடு திரும்பினார்கள், அந்த செப்டம்பரில் லண்டன்மேல் குண்டுமழை தொடங்கியதும் மறுபடி கிராமத்துக்கு ஓடினார்கள். மழை வெறித்ததென்று இறங்கி நடந்தவர், மறுபடி பிடித்ததும் அடுத்த திண்ணைக்கு ஓடுவதில்லையா, அதுபோல.

ஆனால் அதே போர்க்காலத்தில் பின்லாந்திலிருந்து சுவீடனுக்கும் மற்ற நாடுகளுக்கும் அனுப்பப்பட்ட சுமார் 70,000 பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை. அவர்களை ஒதுங்குபிள்ளை என்று சொல்ல மனம் வரவில்லை. பின்லாந்துக்காரர்கள் சொல்வதுபோலப் ‘போர்ப்பிள்ளை’ என்றே தனியாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை வைத்துப் பார்த்த வீட்டுக்கு என்ன பெயர்? ஒரே ஒரு பிள்ளையை வைத்திருந்தால் வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் என்று அரசே அவர்களுக்குப் பணம் கொடுத்தது, அதனால் ‘விருந்தோம்பும் வீடு’ ஒட்டவில்லை. ‘ஒதுங்குவீடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு நல்ல சொல் தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.