கேம் போய்க்குப் போடும் சார்ஜ் பற்றறி முக்கால் மணித்தியாலத்தில் இறங்குகிறது: பிழை பற்றறியிலா, கருவியிலா?

மல்லாவித் தகப்பன்:
வணக்கம். என் மாமா கனடாவில் இருந்து வந்தபோது, தன் மகன் சின்னனில் விளையாடிய கேம் போய் அட்வான்ஸ் (நின்ரென்டோ கொம்பனியின், கையில் பிடித்து விளையாடும் கருவி) ஒன்றை என் மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். 2001இல் வந்த மாடல், பின்மூடியைக் கழற்றி இரண்டு பென்ரோர்ச் பற்றறி போட வேண்டும். திரைக்குள் லைட் இல்லை, அதனால் பெடியன் பின்னேரம் விறாந்தையில் வெளிச்சம் விழும் பக்கம் திரும்பி இருந்துதான் விளையாடுவான். சாதாரண பற்றறி வாங்கிக் கட்டுப்படியாகாது என்று ரவுனில் ஒரு கடையில் சார்ஜ் பண்ணும் பற்றறி இரண்டும் ஒரு சார்ஜரும் வாங்கினேன். பற்றறியில் 4600 என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. ஆனால் இரவு முழுக்கச் சார்ஜில் போட்டாலும் முக்கால் மணித்தியாலத்தில் பச்சை லைட் சிவப்பாகி அப்படியே நின்றுவிடுகிறது. விடிய எடுக்கும்போது கையில் பிடிக்க முடியாத சூடு வேறு. இதற்கிடையில் அம்மா பற்றறியை எடுத்து முற்றத்தில் வெயிலில் வைத்துவிட்டார், போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் ரேடியோ பற்றறிக்கு அப்படித்தானே செய்தோம் என்கிறார்.

பற்றறியில் 1.2 வோல்ற் என்று இருக்கிறது, சாதாரணத்தில் 1.5. அதுதான் காரணமா? கடைக்காரர் அதே அளவில் 3.7 வோல்ற் லித்தியம் இருக்கு, அதைப் போடுங்கோ, பவர் கூட என்கிறார். வாங்கலாமா? ஸ்பிரிங்கில் கொஞ்சம் வெள்ளைத் தூளும் பிடித்திருக்கிறது.

முறிகண்டிச் சந்தி:
அண்ணை, முதலில் ஒன்று, அந்த 3.7ஐ எந்தக் காரணம் கொண்டும் போட வேண்டாம். அளவு ஒன்றுதான், ஆனால் முழுச் சார்ஜில் ஒன்றே 4.2 வரும், இரண்டும் தொடராக நிற்பதால் 8.4. அந்தக் கருவி 3 வோல்ற்றுக்குச் செய்தது. உள்ளே எரிந்தால் பிறகு திருத்த ஆள் தேட வேண்டும்.

வவுனியா றிப்பெயர்:
தம்பி சொன்னது சரி. நான் இருபது வருடமாக ரேடியோ, ரோர்ச், விளையாட்டுக் கருவி எல்லாம் திருத்துகிறேன், உங்கள் கேள்வியைப் பார்த்தால் கருவியில் பெரிய பிழை இருப்பதாகத் தெரியவில்லை. 1.2 வோல்ற் ஒரு குறையே இல்லை. சாதாரண பற்றறி 1.5இல் தொடங்கினாலும் பாவிக்கப் பாவிக்க இறங்கிக்கொண்டே போகும், பாதி வழியில் அதுவும் 1.2க்கு வந்துவிடும். உங்களிடம் இருக்கும் சார்ஜ் பண்ணும் வகை, அதாவது நிக்கல் பற்றறி, 1.2 பக்கத்திலேயே கன நேரம் நின்று கடைசியில் சட்டென்று விழும். அதனால்தான் நல்ல நிக்கல் பற்றறியிலும் சிவப்பு லைட் வந்தால் மிச்ச நேரம் குறைவு, அதோடு நிறுத்தி மாற்றிவிட வேண்டும். நல்ல அல்கலைன் இரண்டு போட்டால் இந்தக் கருவி 15 மணித்தியாலம் அளவில் ஓடும் என்றுதான் நின்ரென்டோவே சொன்னது. நல்ல நிக்கல் பற்றறி அதற்குக் கிட்ட வரும். முக்கால் மணித்தியாலம் என்றால் பிழை பற்றறியில்தான்.

அந்த 4600 (பற்றறி கொள்ளும் சார்ஜின் அளவு, mAh) பொய். இந்த அளவில் நிக்கல் பற்றறிக்கு 2700, 2800க்கு மேல் உண்மையில் கிடையாது. 2000 என்று போட்ட நல்லது ஒன்று போதும். 2005இல் சான்யோ கொண்டுவந்த எனிலூப் இப்போது பனசொனிக் பெயரில் வருகிறது, அந்த வகை சார்ஜ் பண்ணி மாதக்கணக்கில் வைத்தாலும் பெரிதாக இறங்காது, பழைய நிக்கல் பற்றறி ஒரு மாதம் சும்மா கிடந்தாலே நாலில் ஒரு பங்கு போய்விடும். உங்களிடம் இருப்பது எப்படிப்பட்டது என்று அறிய மீற்றர் தேவையில்லை, நிறுத்துப் பாருங்கோ. நல்ல 2000 பற்றறி ஒன்று 26, 27 கிராம் வரும், அதைவிட நன்றாகக் குறைந்தால் உள்ளே சரக்குக் குறைவு.

வெள்ளைத் தூள் முன்பு போட்ட அல்கலைன் கசிந்ததால் வருவது, காரம். காதுக்குச்சியை வினாகிரியில் தோய்த்து நன்றாகப் பிழிந்துவிட்டு ஸ்பிரிங்கைத் துடையுங்கோ, தேசிப்புளியும் சரி. பிறகு சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் இன்னொரு முறை துடைத்து ஒரு மணித்தியாலம் காய விட்டுத்தான் பற்றறி போட வேண்டும். புளித் தண்ணி உள்ளே ஓட விடாதீர்கள்.

மல்லாவித் தகப்பன்:
நன்றி அண்ணை. என் மச்சானின் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒன்று 16.4, மற்றது 15.9. இரண்டு பவுன் பாரம்! பக்கத்தில் பெரியம்மாவின் சங்கிலி கிடந்தது, அது இதைவிடக் கூட. ஸ்பிரிங் துடைத்தேன், ஒரு இடத்தில் பச்சை பிடித்துக் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனால் மினுங்குகிறது. மாமாவிடம் எனிலூப் நான்கு சொல்லியிருக்கிறேன், அவர் ஊர் ஆள் ஒருவர் வருகிறார். அதே சார்ஜரில் போடலாமா?

புதுக்குடியிருப்பு அக்கா:
தம்பி, அந்தச் சார்ஜரை விட்டுவிடுங்கோ. கை சுடுகிறதென்றால் நிறைந்த பிறகும் அது நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் முன்பு நேரம் வைத்து நிறுத்தும் சார்ஜர் ஒன்று இருந்தது. கரண்ட் போய் வந்தால் அது முதலில் இருந்து எண்ணத் தொடங்கும், அரைவாசி ஏறின பற்றறிக்கு மறுபடி முழு நேரமும் ஏற்றும். 2022இல் ஒரு நாளைக்குப் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் என்று வெட்டினபோது அதில் நான்கு பற்றறி பழுதானது. இப்போது ஒவ்வொரு பற்றறியையும் தனித்தனியாகப் பார்த்து, நிறைந்ததும் தானே நிறுத்தும் சார்ஜர் வைத்திருக்கிறோம். யூஎஸ்பியில் ஓடும், கரண்ட் இல்லாவிட்டால் சோலரில் போடுவோம். வாங்கும்போது ஒவ்வொரு பற்றறிக்கும் தனி லைட் இருக்கிறதா என்று பாருங்கோ. இரண்டு இரண்டாக மட்டும் ஏற்றுவது வேண்டாம், சோடியில் ஒன்று நலிந்தால் மற்றதும் கெட்டுப்போகும்.

பிள்ளைகள் பற்றறியைக் கலந்துவிடுவார்கள். நான் ஒரு சோடிக்குச் சிவப்புக் கியூடெக்ஸ் பொட்டு, மற்றச் சோடிக்கு நீலம் வைத்திருக்கிறேன். ஒன்றாகப் போட்டது ஒன்றாகவே இறங்கி ஒன்றாகவே ஏற வேண்டும். புதிதும் பழசும் கலந்தால் பலவீனமானது முதலில் தீர்ந்து, மற்றது அதைத் தலைகீழாக (பிளஸ், மைனஸ் மாறி) இழுத்துக் கெடுத்துவிடும்.

அம்மாவிடம் கோபிக்காதீர்கள். என் அப்பாவும் தடைக் காலத்தில் அப்படித்தான் கூரைத் தகரத்தில் பற்றறி அடுக்குவார். அதுவும் தீர்ந்தால் சைக்கிளைக் கவிழ்த்து நாங்கள் பெடலைச் சுற்ற டைனமோவில்தான் செய்தி கேட்போம். அந்தப் பழைய நாகப் (துத்தநாகப்) பற்றறி சூடு பட்டால் கொஞ்ச நேரம் உயிர் பிடிக்கும், உங்கள் அம்மா சொல்வது உண்மை. இது வேறு சாதி, சூட்டில் சும்மா கிடந்தே இறங்கும், ஆயுளும் குறையும். எங்கள் பக்கத்து வெயிலில் தகரக் கொட்டிலுக்குள்ளும் வைக்காதீர்கள். நான் மண்பானைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்கிறேன். சார்ஜையும் விடியக்காலையில்தான் போடுவேன்.

மல்லாவித் தகப்பன்:
எனிலூப் வந்துவிட்டது. ஒன்று 26.3, மற்றது 26.5, நிறுத்துப் பார்த்தே வாங்கினேன். சனிக்கிழமை போட்டது, பின்னேரம் பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் விளையாடுகிறான், இன்று வியாழன், இன்னும் பச்சை. சிவப்பு வந்தால் என்னைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொட்டு வைக்க அம்மாதான் கியூடெக்ஸ் எடுத்துத் தந்தார்.