பழைய வீட்டைப் பிரிப்பதா, உடைப்பதா? அளவெட்டி வீடு ஒன்றைப் பற்றிய விவாதம்

கும்பிழாவளையடி:

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் எங்கள் அம்மம்மாவின் சீதனக் காணியில் நிற்கும் வீட்டை அகற்றி, அதே நிலத்தில் புதிய வீடு கட்டுவதென்று உடன்பிறந்தோர் மூவரும் இணங்கியிருக்கிறோம். விறாந்தையும் இரண்டு அறைகளும் சுண்ணக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியவை. பின்புறக் குசினி மண்சுவர். கூரை மரம் முழுவதும் பனை, மேலே கள்ளிக்கோட்டை ஓடு. நிலைகளும் கதவுகளும் முதிரை மரம். 1995 போர்க்கால இடப்பெயர்வின் பின் திரும்பி வந்தபோது ஓரளவு திருத்தினோம். இப்போது குசினிப் பக்கக் கூரை இறங்கிவிட்டது.

ஒப்பந்தகாரர் ஒருவர் இயந்திரம் கொண்டுவந்து உடைத்து, இடத்தைத் துப்புரவாக்கித் தருவதாகச் சொல்கிறார். பழைய பொருள்கள் அனைத்தையும் தாமே எடுத்துக்கொள்வதால் கூலி வேண்டாமாம். கையால் பிரித்து, பயன்படக்கூடியவற்றைப் புதிய வீட்டில் சேர்ப்பது அறிவுடைமையா, வீண் செலவா என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

கட்டடக் கணக்கு:

ஒப்பந்தகாரரின் சொல்லை ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய பொருளால் செலவு குறையும் என்பது எங்கள் ஊரில் பலரும் நம்பும் ஒரு கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் கூலி எழுதப்படுவதில்லை. ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, கழுவி, அடுக்கி, ஓடு தாங்கும் சலாகையிலிருந்து ஆணி பிடுங்கி, கூரைச் சாய்வைத் தாங்கும் கைமரத்தைச் செதுக்கி, மழைக்கும் கறையானுக்கும் அகப்படாமல் ஓரிடத்தில் பாதுகாத்து, பின்னர் அவற்றைப் புதிய அளவுக்குப் பொருத்துவதற்கு ஆகும் நாட்கூலியைக் கூட்டிப் பார்த்தால், புதிதாக வாங்கியிருக்கலாம் என்ற முடிவுக்கே பெரும்பாலோர் வந்து சேர்வார்கள். தேர்ந்த ஓடாவிமார் (மரத்தச்சர்) கிடைப்பதே இப்போது அரிது. அதோடு, வங்கிக் கடனில் கட்டுகிறவர்களுக்கு வேலை முடிய முடியத்தான் பணம் விடுவிக்கப்படும் என்பதால், பிரிக்கும் வேலை இழுபட்டால் கட்டும் வேலையும் இழுபடும்.

பழைய மரத்தின் வலிமையை எவரும் எழுத்தில் உறுதிப்படுத்தித் தரப்போவதுமில்லை.

ஓடாவி பேரன்:

கூலி வேண்டாம் என்று ஒருவர் சொல்லும்போது, அவர் எதைக் கூலியாகக் கருதுகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முதிரை இன்று எளிதில் கிடைக்கும் மரமன்று. வன்னிக் காட்டிலிருந்து வண்டியில் வந்து, ஆண்டுக்கணக்காகக் காய்ந்து இறுகிய முதிரை நிலையும் இரட்டைக் கதவும் பழம்பொருள் வியாபாரிகளின் கைக்குப் போய்த் தெற்கே விடுதிகளில் அலங்காரமாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, இந்த இலவசத்தின் விலை தெரியும். கதவையும் யன்னலையும் மட்டுமாவது முதலில் கழற்றி உங்கள் பொறுப்பில் வைத்துவிட்டு, அதன் பிறகு அதே ஒப்பந்தகாரரிடம் கூலி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

பனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனையின் வலிமை வெளிப்புறத்திலுள்ள கருமையான வைரத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது மென்மையான சோற்றி. முற்றிய மரத்தில் அரிந்த கைமரம் ஈரம் படாமல் இருந்தால் தலைமுறைகளைத் தாண்டும். அது கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான்: சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியிலும், ஓடு உடைந்து நீர் ஒழுகிய இடத்திலும். ஆகவே ஒவ்வொரு மரத்தையும் இறக்கியவுடன் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது; மந்தமாகக் கேட்கும் இடத்தில் கூரான ஆணியை அழுத்துங்கள், இறங்கினால் அந்தப் பகுதியை அறுத்துத் தள்ளுங்கள். பெரும்பாலும் நுனியில் ஒரு முழம் போகும், மிச்சம் நிற்கும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நுனி அறுத்த மரம் பழைய அறையின் அகலத்துக்கு இனி எட்டாது. புதிய வீட்டுப் படத்தைக் கீறி, அனுமதியும் எடுத்து, சுவரும் எழுப்பிய பிறகு மரத்தைத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் சாண் கணக்கில் குறையும். அந்தக் கோபத்தில் அது விறகாகிவிடும். முதலில் கூரையைப் பிரியுங்கள், கிடைத்த மரத்தின் நீளங்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள், அந்தக் கொப்பியோடு படம் கீறுபவரிடம் போங்கள். விறாந்தையின் அகலத்தையும் சிறிய அறைகளின் அகலத்தையும் மரம் தீர்மானிக்கட்டும். கட்டடக் கணக்கு ஐயா சொல்லும் நட்டம் எல்லாம் இந்த ஒழுங்கு தலைகீழாவதால் வருகிறது.

மார்க்கம் வாசி:

இருவரும் எப்படி அகற்றுவது என்று பேசுகிறீர்களே தவிர, ஏன் அகற்றுவது என்று கேட்கவில்லை. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய தடித்த சுவரும், காற்றோட்டமுள்ள ஓட்டுக் கூரையும் சித்திரை வெயிலில் தரும் குளிர்மையை, சீமெந்துக் கல்லும் கொங்கிறீட் தளமும் தருவதில்லை. பின்னர் அதற்குக் குளிரூட்டி பூட்டி மின்கட்டணம் செலுத்துகிறோம். போர் எத்தனையோ வீடுகளை அழித்தது. தப்பி நின்றவற்றை நாங்களே இடித்து முடிக்கிறோம். நல்லூர் மந்திரி மனை போன்ற பெயர்பெற்ற கட்டடத்தையே சிதைய விட்டவர்களுக்கு, ஊர்ப்புறத்து வீடு ஒன்று பெரிதாகத் தெரியாதுதான். குசினியை மட்டும் அகற்றிவிட்டு, முன்வீட்டைத் திருத்தி, புதிய அறைகளைப் பின்னால் சேர்க்கலாமே?

கட்டடக் கணக்கு:

ஆண்டுதோறும் மாரிக்கு முன்னர் ஓடு பிரித்து அடுக்குவதற்கும், கறையான் புற்றைத் தட்டுவதற்கும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கும் ஊரில் இருப்பவர்தான் ஆள் தேட வேண்டும். வெளிநாட்டில், கனடாவின் மார்க்கத்தில் இருந்து பார்க்கும்போது வீட்டின் அழகு தெரியும். ஒழுகும் இடத்தில் சட்டி வைக்கும் வேலை தெரியாது. குடும்பத்தினர் அகற்றுவதென்று முடிவெடுத்துவிட்டார்கள், அதைத் தாண்டி நான் போகவில்லை.

ஓடாவி பேரனுக்கு ஒரு பதில். அளந்த பின் படம் கீறுவது நல்ல யோசனை என்பதை ஏற்கிறேன். ஆனால் கல்லைப் பற்றி நீங்கள் எதுவும் கூறவில்லையே. பழைய சுவர்க் கல்லை உடைத்துக் கொங்கிறீட்டுக்குச் சல்லியாகப் போடும் வழக்கம் இங்கு இருக்கிறது. அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்துக் கொங்கிறீட்டைப் பிளக்கும். கரையோரப் பகுதிகளில் தளத்தின் அடிப்பக்கம் உரிந்து கம்பி தெரிய நிற்கும் வீடுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மீட்ட பொருளால் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும்.

வேலணைக் கரை:

உப்புப் பிரச்சினை உண்மை, ஆனால் அது எல்லாக் கல்லுக்கும் பொருந்தாது. தீவகத்தில் எங்கள் பழைய சுவர்களும் நெடுந்தீவின் வேலிகளும் முருகைக்கல்லால், அதாவது பவளப்பாறைக் கல்லால் ஆனவை. அது கடலில் பிறந்த கல். உப்பைத் தன்னுள் வைத்திருக்கும். மாரி கழிந்ததும் சுவரில் வெள்ளையாக உவர் பூப்பதைக் கண்டே நாங்கள் அதை அறிந்துகொள்வோம். அந்தக் கல்லைக் கம்பி போட்ட கொங்கிறீட்டுக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. சுண்ணாம்புச் சாந்திலேயே மதிலாகவோ, திண்ணையாகவோ திரும்பக் கட்டலாம். கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடுக்கப்பட்டிருப்பதால், பழைய வீட்டைத் திருத்த விரும்புகிறவருக்குப் பழைய சுவர்தான் அந்தக் கல் கிடைக்கும் ஒரே வழி. எனவே அதை அள்ளி எறிய வேண்டாம், கேட்பவருக்குக் கொடுங்கள்.

அளவெட்டியோ உள்நாட்டுச் செம்மண் நிலம். அங்கே கிணறு வெட்டும்போதும் தோட்டம் திருத்தும்போதும் வந்த சுண்ணக்கல்லால்தான் சுவர் எழுப்பியிருப்பார்கள். உங்கள் சுவரில் உவர் பூக்கவில்லை என்றால், கல்லைச் சாந்து தட்டி எடுத்து அத்திவாரத்துக்கு வைக்கலாம். சுண்ணாம்புச் சாந்து இளகியது என்பதால் கல் முழுதாகக் கழன்று வரும். பிற்காலத்தில் சீமெந்து பூசித் திருத்திய இடங்களில் மட்டும் அது நடக்காது. அங்கே கல்லும் சீமெந்தும் ஒன்றாக உடையும்.

ஓடாவி பேரன்:

வேலணைக் கரை கூறியதற்கு மேல் கல்லைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் மனதில் வைத்திருந்ததும் அத்திவாரத்துக்குத்தான், சல்லிக்கன்று.

கும்பிழாவளையடி அக்கா அறிந்திருக்க வேண்டிய வேறு சில விடயங்கள் இருக்கின்றன. உங்கள் பகுதி எறிகணை விழுந்த பகுதி. வீட்டு மரத்தை மரக்காலைக்குக் கொண்டுபோனால், அரிபவர் முதலில் கேட்பது உள்ளே இரும்பு இருக்கிறதா என்பதுதான்; பழைய ஆணியோ எறிகணைச் சிதறலோ அகப்பட்டால் வாள் முறியும், முறிந்த துண்டு ஆளையும் காயப்படுத்தும். காந்தம் ஒன்றை மரத்தின்மேல் ஓட்டிப் பார்த்துக் குறிபோட்டுவிட்டே கொடுங்கள். குசினிப் பக்கம் மண் கிளறும்போது சந்தேகத்துக்குரிய இரும்பு ஏதேனும் தென்பட்டால், எவரும் தொடாமல் விலகி நின்று உடனே பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே இயந்திரத்தை நேராக விடுவதற்கு நான் அஞ்சுவேன். மரத்தை வேறு ஊருக்கு ஏற்றுவதென்றால், பழைய மரம்தானே என்று எண்ணாமல், அனுமதி வேண்டுமா என்று பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஓடுகளைப் பற்றி ஒரு சொல். பழைய கள்ளிக்கோட்டை ஓட்டின் பொருத்து வரம்பு புதிய ஓட்டோடு பெரும்பாலும் பொருந்தாது. உடைந்தவற்றுக்குப் பதிலாக இடையிடையே புதியதைச் செருகினால் அந்த இடத்தில் ஒழுகக்கூடும். முழு ஓடுகளை எண்ணி, விறாந்தையின் சாய்வு ஒன்றை முழுவதும் பழைய ஓட்டாலும் மற்றதை முழுவதும் புதிய ஓட்டாலும் வேயுங்கள். இறக்கிய மரத்தை நிலத்தில் கிடத்தாமல், கல்மேல் உயர்த்தி, அடுக்குக்கு அடுக்கு சலாகைத் துண்டு வைத்துக் காற்றுப் போக விடுங்கள். பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். குசினியில் பிற்காலத்தில் அஸ்பெஸ்டோஸ் தகடு போட்டிருந்தால் மட்டும் அதை மீட்க முயல வேண்டாம். நனைத்து, உடைக்காமல் இறக்குங்கள்.

கட்டடக் கணக்கு:

அத்தனையும் சரியாகச் செய்யும் ஓடாவி கிடைத்தால் நான் எதிர்க்க மாட்டேன். கிடைப்பார் என்பதில்தான் எனக்கு ஐயம். எனவே என் பரிந்துரை இதுதான்: கதவு, யன்னல், நிலை, ஓடு ஆகியவற்றை எடுங்கள்; இவற்றைக் கழற்றுவதற்குப் பெரிய தேர்ச்சி வேண்டியதில்லை, விலையும் இவற்றில்தான் இருக்கிறது. கைமரத்தில் முழு நீளத்துக்கும் குறையில்லாதவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மிகுதியை விற்றுவிடுங்கள். அறுத்து ஒட்டுப்போட்டுக் கூரை ஏற்றுவதற்கு நான் கையொப்பமிட மாட்டேன்.

கல்லும் சாந்தும் கலந்த இடிபாட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. அதைத் தூர்ந்த கிணற்றில் கொட்டும் வழக்கத்தை விடுங்கள். குடாநாட்டின் நன்னீர் பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நீர். ஒரு கிணற்றில் போட்டது அயல்வீட்டுக் கிணற்றுக்குப் போகும். சாந்துத் தூளைத் தனியே பிரித்து, தரைக்குக் கீழே நிரப்பி இடித்து இறுக்கலாம்.

மார்க்கம் வாசி:

திருத்துவதற்கு ஆகும் செலவை ஒருவரும் மதிப்பிடாமலே அகற்றும் வழியைத் தேர்ந்துவிட்டீர்கள். அந்த மதிப்பீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள் என்பதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டில் இருப்பதால் எனக்குச் சட்டி வைக்கத் தெரியாது என்று சொன்னது நியாயமன்று. 1995 வரை அந்த வேலை எங்கள் வீட்டில் என்னுடையதுதான்.

கும்பிழாவளையடி:

அனைவருக்கும் நன்றி. மார்க்கம் அண்ணா கூறியபடி முன்வீட்டைத் திருத்துவதற்கு மதிப்பீடு கேட்டோம். சுவர் ஒன்றில் அத்திவாரம் வரை வெடிப்பு இறங்கியிருப்பதால், திருத்துவதற்கான செலவு எங்கள் வசதிக்கு மிஞ்சியதாக வந்தது. எனவே அகற்றும் முடிவில் மாற்றமில்லை.

ஒப்பந்தகாரரிடம், நிலைகளையும் கதவுகளையும் ஓடுகளையும் நாங்கள் எடுத்துக்கொண்ட பின் எவ்வளவு கேட்பீர்கள் என்று வினவியபோது, இயந்திர வாடகையோடு கூலியும் தர வேண்டும் என்றார். ஓடாவி பேரன் தம்பி எதிர்பார்த்தது அதுவே என்று நினைக்கிறேன். கூரையைக் கையால் பிரிப்பதற்கு ஆள் பேசியிருக்கிறோம். தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்ததும் தொடங்குவோம். நீளங்களை எழுதிய பின்னரே படம் கீறுபவரிடம் போவதாக உடன்பிறந்தோரிடமும் சொல்லிவிட்டேன். சுவரில் உவர் பூத்திருக்கவில்லை. ஆனால் சாமி அறையின் நிலையைப் புதிய வீட்டின் தலைவாசலுக்கு வைக்கலாமா என்று அம்மா தயங்குகிறார். அது இப்போதைய வழக்கமான கதவை விட உயரம் குறைந்தது என்பது வேறு.

ஓடாவி பேரன்:

உயரம் போதாவிட்டால் கீழே படிக்கல்லை உயர்த்தாமல், மேலே காற்றுப் பலகை ஒன்று சேர்த்து நிலையைக் கூட்டலாம், அக்கா. ஆனால் தலைவாசலுக்குத் தேவையில்லை. புதிய வீட்டிலும் அதைச் சாமி அறைக்கே வையுங்கள், அம்மாவின் தயக்கமும் தீரும். கழற்றும்போது மர முளைகளைத் தட்டி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். வாளால் அறுக்க விடாதீர்கள், பொருத்து கெட்டால் நிலையைத் திரும்பப் பூட்ட முடியாது.