பங்கு பிரிக்கிற கணக்குல கூட்டுத்தொகை சரியா வருது, ஆனா விடை தப்புன்னு காட்டுது. எங்க கோட்டை விடறேன்?

நாமக்கல்_பையன்:
வணக்கம் நண்பர்களே, டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்கு படிச்சிட்டு இருக்கேன். பத்தாவதுக்கு அப்புறம் கணக்கு பக்கமே தலைவச்சு படுக்கல, இப்ப அந்த 25 கேள்விக்காக மறுபடியும் நோட்டு வாங்கி உக்காந்திருக்கேன். வட்டி, சதவீதம் எல்லாம் எப்படியோ ஓடுது, இந்த பணத்தை பிரிச்சு குடுக்கற கணக்கு வந்தா மட்டும் கை நின்னுடுது. நேத்து மாதிரி டெஸ்ட்ல வந்தது இது:

"ரூ.2,350ஐ கண்ணன், முருகன், சேகர் மூவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். கண்ணனின் பங்கு, முருகனின் பங்கின் இருமடங்கை விட ரூ.150 குறைவு. சேகரின் பங்கு, மற்ற இருவரின் பங்குகளின் கூடுதலில் பாதியை விட ரூ.100 அதிகம். எனில் முருகனின் பங்கு எவ்வளவு?"

நான் கண்ணனை எக்ஸ்னு வச்சேன், முருகன் 2எக்ஸ் − 150, ரெண்டும் சேந்தா 3எக்ஸ் − 150, அதுல பாதி எடுத்து 100 கூட்டினா சேகர் 1.5எக்ஸ் + 25. மொத்தம் 4.5எக்ஸ் − 125 = 2350, எக்ஸ் 550. அப்ப கண்ணன் 550, முருகன் 950, சேகர் 850. கூட்டிப் பாத்தா டாண்னு 2350 வருது! ஆனா கீயில முருகனுக்கு 550னு போட்டிருக்கான். கீ தப்பா நான் தப்பா?

இன்னொண்ணு, "2ஏ = 3பி = 4சி, மொத்தம் ரூ.1,300"ன்னு ஒரு கணக்கு. 2:3:4னு எடுத்து 9ஆல வகுத்தா 144.44ன்னு போய்ட்டே இருக்கு. யாராவது புரியற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

டியூஷன்_அக்கா:
கீ சரிதான் தம்பி. உங்க விடையை கேள்வியில திருப்பி போட்டு பாருங்க. முருகன் 950ன்னா இருமடங்கு 1900, அதுல 150 போனா 1750. கண்ணனுக்கு 1750ஆ வந்துச்சு? 550தானே.

என்ன ஆச்சுன்னா, வாக்கியத்துல கண்ணன் பேரு முதல்ல வந்ததால அவருக்கு எக்ஸ் குடுத்துட்டீங்க, அப்புறம் "இருமடங்கு"ங்கற வார்த்தையை அடுத்த ஆளு தலையில கட்டிட்டீங்க. என்கிட்ட வர்ற பசங்க பத்துல ஏழு பேரு பண்றது இதுதான். இது கணக்கு தெரியாத பிரச்சனை இல்ல, வாக்கியத்தை படிக்கற பிரச்சனை. "விட"ங்கற வார்த்தையை பென்சில்ல வட்டம் போடுங்க. அதுக்கு முன்னாடி இருக்கற "முருகனின் பங்கின் இருமடங்கு" முழுசும் ஒரே மூட்டை, 2 × முருகன். அந்த மூட்டையில இருந்து 150 எடுத்தா கண்ணன். அதாவது யாரை வச்சு மத்தவங்களை அளக்கறாங்களோ அவருக்குத்தான் எக்ஸ் குடுக்கணும். இங்க முருகன் எக்ஸ், கண்ணன் 2எக்ஸ் − 150.

அப்ப கூட்டுத்தொகை எப்படி சரியா வந்துச்சுன்னு கேப்பீங்க. சேகரோட பங்கு அந்த ரெண்டு பேரோட கூடுதலை மட்டும்தான் பாக்குது, அதனால கண்ணன் முருகன் பேரை மாத்திப் போட்டாலும் மொத்தம் அசையாது.

ரெண்டாவது கணக்கு: ஏவை 2ஆல பெருக்கினாலும் சியை 4ஆல பெருக்கினாலும் ஒரே தொகைன்னா யார்கிட்ட காசு கம்மி? சிகிட்டதானே. நீங்க சிக்கு அதிகமா குடுத்துட்டீங்க. 2, 3, 4க்கு பொது மடங்கு 12, அதை ஒவ்வொண்ணாலயும் வகுத்தா 6:4:3. மொத்தம் 13 பங்கு, ஒரு பங்கு 100. 600, 400, 300.

ரெண்டாவது_அட்டெம்ப்ட்:
அக்கா சொல்றது கரெக்ட், ஆனா ப்ரோ எக்ஸாம்ல இவ்வளவு எழுதிட்டு இருக்காதீங்க, 3 மணி நேரத்துல 200 கேள்வி. ஆப்ஷன்ல இருக்கறதை முருகனுக்கு குடுத்து பாருங்க. 450ன்னா கண்ணன் 750, ரெண்டும் 1200, பாதி 600 கூட 100, சேகர் 700, மொத்தம் 1900, பத்தல. 550 போடு, 950, 850, மொத்தம் 2350, டிக் அடிச்சிட்டு அடுத்த கேள்வி. இதுல ஒரு நல்லது, பேரு மாறிப் போற தப்பும் வராது.

மளிகைக்கடை_மாமா:
எதுக்குப்பா அந்த 1.5, 4.5 எல்லாம். சேகருக்கு எக்ஸ்ட்ராவா குடுத்த 100ஐ முதல்ல எடுத்து ஓரமா வச்சிடு. மிச்சம் 2250. இப்ப சேகர் அவங்க ரெண்டு பேர்ல சரிபாதி, அப்ப மொத்தம் 3 பங்கு, ஒரு பங்கு 750. கண்ணனும் முருகனும் சேந்து 1500. கண்ணனுக்கு குறைச்ச 150ஐ திருப்பி குடுத்துட்டா 1650, அதுல கண்ணன் ரெண்டு பங்கு முருகன் ஒரு பங்கு, முருகன் 550. பேனாவே வேணாம். கடையில கூட்டு சேந்து சரக்கு எடுத்தா லாபத்தை நாங்க இப்படித்தான் பிரிப்போம், எக்ஸும் கிடையாது ஒய்யும் கிடையாது.

டியூஷன்_அக்கா:
மாமா வழி சூப்பர், நாளைக்கு என் பசங்களுக்கு இதையே சொல்லிக் குடுக்கப் போறேன். ஆப்ஷன் போட்டு பாக்கறதும் ஓகேதான், ஆனா எண்ணெல்லாம் பெருசா இருந்தா நாலு ஆப்ஷனும் போட்டு பாக்கறதுக்குள்ள நேரம் போயிடும், ரெண்டையும் பழகிக்கோங்க.

நாமக்கல்_பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மாமா சொன்னதை நோட்டுல பெருசா எழுதி வச்சிட்டேன். இப்பவே இன்னொண்ணு போட்டேன், சரியான்னு சொல்லுங்க. "ரூ.1,800ல் பாதி மூத்தவனுக்கு, மீதியில் மூன்றில் ஒரு பங்கு நடு மகனுக்கு, எஞ்சியது இளையவனுக்கு." மூத்தவன் 900, நடு மகன் 600, இளையவன் 300. கூட்டினா 1800 வருது 😊

டியூஷன்_அக்கா:
தம்பி, மறுபடியும் கூட்டிப் பாத்துட்டு விட்டுட்டீங்க 😄 "மீதியில்"ங்கற வார்த்தையை வட்டம் போடுங்க. மீதி 900தான், 1800 இல்ல. அதுல மூணுல ஒண்ணு 300. இளையவனுக்குத்தான் 600.

நாமக்கல்_பையன்:
ஐயோ. இருங்க, பென்சில் எடுத்துட்டு வரேன்.